குழுவாகப் புதிய இணையக் கருவிகளைச் சோதித்தல்: வெளியேறும் வழியை முதலில் பார்ப்பது சரியா?

பதிவு 1: சொல்வலை

எங்கள் குழுவில் 12 பேர் இருக்கிறோம். கலைச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதி, விவாதித்து ஒப்புக்கொண்ட பின் வெளியிடுவது எங்கள் வேலை. எவருக்கும் இதில் ஊதியம் இல்லை. ஒருவரையொருவர் நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே நாங்கள் செய்வது அனைத்தும் ஏதேனும் ஓர் இணையக் கருவியின் வழியாகவே நடக்கிறது. மூன்று ஆண்டுகளில் ஒன்பது கருவிகளைக் குழுவாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். இன்று எஞ்சியிருப்பவை பழைய மின்னஞ்சல் குழுவும் ஒரு பகிர்வு விரிதாளும் மட்டுமே.

ஒவ்வொரு முறையும் கதை ஏறத்தாழ ஒன்றுதான். உறுப்பினர் ஒருவர், பெரும்பாலும் நான்தான், புதிய சேவை ஒன்றைக் கண்டு மகிழ்ந்து எல்லோருக்கும் அழைப்பு அனுப்புவேன். முதல் வாரம் 12 பேரும் கணக்குத் தொடங்குவார்கள். மூன்றாம் வாரம் நான்கு பேர் வருவார்கள். இரண்டு மாதம் கழித்து அங்கே நான் மட்டும் நின்று, மற்றவர்கள் மின்னஞ்சலில் எழுதுவதைக் கருவிக்குள் நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருப்பேன்.

இவற்றுள் ஒன்று மட்டும் எங்களுக்கு வலித்தது. அட்டைகளை வரிசை வரிசையாக நகர்த்தும் பலகை ஒன்றில் 600-க்கும் மேற்பட்ட சொற்களை ஏற்றியிருந்தோம். ஒவ்வோர் அட்டையின் அடியிலும் அச்சொல்லைப் பற்றிய விவாதம் இருந்தது. ஒரு நாள் இலவசத் திட்டத்தின் வரம்பு சுருங்கியது. வெளியே எடுத்துவிடலாம் என்று ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தியபோது சொற்களும் விளக்கங்களும் வந்தன, விவாதங்கள் வரவில்லை. ஒரு சொல்லை ஏன் தள்ளினோம், மற்றொன்றை ஏன் ஏற்றோம் என்பதற்கான காரணங்கள் அந்த விவாதங்களில்தான் இருந்தன. இரண்டு பேர் மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து, அட்டை அட்டையாகத் திறந்து கையால் நகலெடுத்தோம்.

அதன் பின் ஒரு விதியை முன்மொழிந்தேன். எந்தக் கருவியைத் தொடங்கினாலும் முதல் நாளே 20 சொற்களை ஏற்ற வேண்டும். கருத்துரை எழுத வேண்டும். உடனே ஏற்றுமதி செய்து, கிடைத்த கோப்பை வேறோர் இடத்தில் திறந்து பார்த்து, கணக்கையும் அழித்துக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் மற்றவர்களுக்கு அழைப்பு. குழுவில் பாதிப் பேர் இதை ஏற்கவில்லை. ‘தாலி கட்டும் முன்பே விவாகரத்துப் பத்திரத்தை நீட்டுகிறீர்கள்’ என்று ஒருவர் எழுதினார். இங்குள்ளவர்கள் குழுக்களை நடத்திய அனுபவத்திலிருந்து என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதிவு 2: பழையமடல்

உங்கள் விதியில் எனக்கு முழு உடன்பாடு. மூடப்பட்ட சேவைகளின் வரிசையை நினைத்துப் பார்த்தாலே போதும். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று நின்றது. யாகூ குழுமங்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த மடல்களும் கோப்புகளும் 2019 டிசம்பரில் தளத்திலிருந்து அகற்றப்பட்டன. மறு ஆண்டு டிசம்பரில் மடல் அனுப்பும் வசதியும் நின்றது. கூகுளின் ஜாம்போர்டு வெண்பலகை 2024-இன் கடைசி நாளோடு முடிந்தது. ஸ்கைப் 2025 மே மாதம் விடைபெற்றது. இவை எவையும் பெயர் தெரியாத சிறு நிறுவனங்களின் சேவைகள் அல்ல.

மூடுவது ஒரு வகை என்றால், சுருக்குவது மற்றொரு வகை. குழு உரையாடலுக்கான ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் முன்பு அண்மைச் செய்திகள் 10,000 வரை தெரியும். 2022 செப்டம்பர் முதல் 90 நாள்களுக்குள் எழுதியவை மட்டுமே தெரியும். குறிப்புகளைச் சேமிக்கும் எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள் என்று வரம்பு வைத்தது. கருவி அங்கேயேதான் இருக்கும். நாம் அங்கே வைத்ததைப் பார்க்கவோ, புதிதாகச் சேர்க்கவோ முடியாமல் போகும்.

பதிவு 3: எதிர்த்திண்ணை

சொல்வலை அவர்களே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் விதி தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்து இல்லை. ஒன்பது கருவிகளில் எட்டு, ஏற்றுமதி இல்லாததால் தோற்கவில்லை. ஆட்கள் வராததால் தோற்றன. 12 பேர் நான்காகி, நான்கு ஒன்றானதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலித்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு, வலிக்காமல் செத்த எட்டை மறந்துவிட்டீர்கள்.

பழையமடல் அவர்கள் கூகுள் வேவைக் குறிப்பிடாமல் விட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனெனில் குழுவாகச் சோதிப்பதைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. 2009 மே மாதம் அறிவித்தார்கள். செப்டம்பர் இறுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பினார்கள். மின்னஞ்சல், உரையாடல், கூட்டாக எழுதும் ஆவணம் மூன்றையும் ஒன்றாக்கிய கருவி அது. பலர் ஒன்றுகூடினால்தான் அதன் பயன் தெரியும். ஆனால் அழைப்பு எண்ணிக்கையில் வரம்பு இருந்ததால், ஆசையோடு உள்ளே சென்றவர் தம்மோடு வேலை செய்யும் எவரும் அங்கே இல்லாததைக் கண்டார். வெறும் மண்டபத்தில் நின்று எவ்வளவு நேரம் பேச முடியும்? 2010 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், குழுக் கருவியைத் தனித்தனி ஆளாகச் சோதிக்கக் கொடுத்தது அதில் பெரும் பங்கு வகித்தது என்பது என் எண்ணம்.

இதைவிடப் பழைய பாடம் ஒன்றும் இருக்கிறது. கூட்டாக வேலை செய்வதற்கான மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஜொனதன் குருடின் என்ற ஆய்வாளர் 1988-இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, கூட்டங்களுக்குத் தானாக நேரம் குறிக்கும் மின்நாள்காட்டி. கூட்டத்தைக் கூட்டுபவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால், மற்ற எல்லோரும் தத்தம் நாள்காட்டியை நாள்தோறும் நிரப்பிவைக்க வேண்டும். அவர்களுக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை. உழைப்பு ஒருவருக்கு, பயன் இன்னொருவருக்கு என்று ஆகும்போது, உழைப்பவர் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார். அவர் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை, வராமல் இருந்துவிடுகிறார்.

உங்கள் அட்டைப் பலகையில் அட்டையை ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்கு நகர்த்தியவர் யார்? அப்படி நகர்த்தியதால் யாருக்கு நிலவரம் தெரிந்தது? இந்த இரண்டுக்கும் விடை ஒரே பெயராக இல்லையென்றால், ஏற்றுமதி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்தக் கருவி நிற்காது.

பதிவு 4: சொல்வலை

விடை ஒரே பெயர் அன்று. நிலவரம் தெரிய வேண்டியது எனக்கு. நகர்த்த வேண்டியது அவர்கள். ஒரு சொல்லைப் பற்றி மடலில் விவாதித்து முடித்த பிறகு, அதே முடிவைப் பலகையிலும் சென்று பதிய வேண்டியிருந்தது. அது அவர்களுக்கு இரண்டாவது வேலை. நான் அதை ‘ஒரு நொடி வேலைதானே’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுச்சொல்லைத் தேடி, உள்நுழைந்து, 600 அட்டைகளுக்கு நடுவே தம்முடையதைக் கண்டுபிடிப்பது ஒரு நொடி வேலை இல்லை என்பதை ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எதிர்த்திண்ணை சொல்வதற்குச் சான்றாக மறுபக்க அனுபவமும் எங்களிடம் உண்டு. ஒன்பதில் அதிக நாள் தாக்குப்பிடித்தது ஓர் எளிய வாக்கெடுப்புச் சேவை. கணக்கே தேவையில்லை, மடலில் வந்த சுட்டியைத் தொட்டால் மூன்று மாற்றுச் சொற்கள் தெரியும், பிடித்ததைத் தொட்டால் முடிந்தது. மற்ற கருவிகளில் கணக்குத் தொடங்கியதோடு நின்றுவிட்ட இருவர்கூட அதில் தவறாமல் வாக்களித்தார்கள். கணக்கு இல்லாததால் ஒருவரே இரு முறை வாக்களிக்க முடிகிறது என்று சிலர் ஐயம் கிளப்பியதால்தான் அதையும் கைவிட்டோம். இப்போது எழுதும்போது, அந்த ஐயத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம் என்று தோன்றுகிறது. 12 பேர் குழுவில் 14 வாக்குகள் விழுந்தால் தெரியாதா என்ன?

பதிவு 5: எழுத்தெண்ணி

இதுவரை எவரும் சொல்லாத ஒன்று. கருவி நம் எழுத்தை எப்படி நடத்துகிறது என்பதைச் சோதிக்காமல் குழுவை உள்ளே அழைப்பது, தளம் போடாத வீட்டுக்குக் குடிபோவதைப் போன்றது. நான் எந்தப் புதிய சேவையைப் பார்த்தாலும் ஒரு சிறு சோதனைக் கோப்பை உள்ளே இடுவேன். பல ஆண்டுகளாகச் சேர்த்த கோப்பு. இப்போது 23 வரிகள் இருக்கின்றன. அதில் உள்ளவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் வரி ‘தமிழ்’ என்ற சொல். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் ஒருங்குறி (யூனிகோட்) தரத்தின் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், குறிக்கு மூன்று பைட் (சேமிப்பிட அலகு) வீதம் 15 பைட். ‘தலைப்பு 60 எழுத்துக்குள்’ என்று ஒரு கருவி சொன்னால், அது மூன்றில் எதை எண்ணுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். பைட்டை எண்ணும் கருவியில் நமக்குக் கிடைப்பது 20 குறிகள்தாம். வெட்டும் இடமும் முக்கியம். சில கருவிகள் புள்ளிக்கு முன் வெட்டி ‘தமிழ’ என்று நிறுத்தும்.

இரண்டாவது, ‘கொடை’ என்ற சொல்லை இரு விதமாகத் தட்டச்சிட்டு வைத்திருக்கிறேன். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரப்படி இவை ஒன்றாகக் கருதப்பட வேண்டியவை. ஆனால் இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் அந்த இயல்பாக்கத்தைச் செய்யாத கருவியில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. சொல் தொகுக்கும் குழுவுக்கு இது உயிர்நாடி. ஒரே சொல் இரு பதிவாக நுழைந்து, இரண்டுக்கும் இரு வேறு விவாதம் நடக்கும்.

மூன்றாவது ‘கௌரவம்’. ஔகாரக் குறிக்குப் பதில் ளகர எழுத்தைத் தட்டி ‘கெளரவம்’ என்று எழுதுவோர் ஏராளம். இதை எந்த இயல்பாக்கமும் திருத்தாது, ஏனெனில் கணினிக்கு அது வேறு சொல். இதில் கருவியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் குழுவில் எத்தனை பேர் இப்படித் தட்டுகிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

நான்காவது, அகரவரிசை. ‘பகல்’, ‘பக்கம்’ இரண்டையும் உள்ளிட்டு வரிசைப்படுத்தச் சொல்வேன். அகராதி வழக்கப்படி ‘பக்கம்’ முன்னால் வர வேண்டும். ஒருங்குறி எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் கருவி ‘பகல்’ என்பதை முன்னால் வைக்கும், ஏனெனில் புள்ளியின் எண் லகரத்தின் எண்ணைவிடப் பெரியது. அதே கருவியில் றகரம் ரகரத்துக்கு அடுத்தும் னகரம் நகரத்துக்கு அடுத்தும் வந்து நிற்கும். நான் சோதித்த சேவைகளில் பாதிக்கு மேல் இதில் தவறின. வரிசை தவறினால் வேலை நின்றுவிடாது, ஆனால் தெரிந்துகொண்டு தவற வேண்டும்.

ஐந்தாவது நீளமான தலைப்பு. பல கணினிகளின் கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது 85 குறி. ஒரு முழு வாக்கியத்தைத் தலைப்பாக வைத்தால் தாண்டிவிடும். குறிப்பு ஒவ்வொன்றையும் தலைப்பின் பெயரிலேயே தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் கருவிகளில், சுருக்கிய கோப்பை விரிக்கும்போது சில குறிப்புகள் மட்டும் வெளியே வராமல் நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது ஒருபோதும் கண்ணில் படாது.

பதிவு 6: இளந்தளிர்

மன்னிக்கவும், இந்த இழையில் நான் புதியவர். எங்கள் குழு ஏற்றுமதி செய்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்செல்லில் திறந்தால் தமிழ் முழுவதும் கிறுக்கல்களாகத் தெரிகிறது. கருவிதான் கெடுத்துவிட்டது என்று எண்ணி அதை விலக்கிவிட்டோம். அது எங்கள் தவறாக இருக்க வாய்ப்பு உண்டா?

பதிவு 7: எழுத்தெண்ணி

பெரும்பாலும் கோப்பு நலமாகவே இருக்கும். கோப்பை இரு முறை சொடுக்கித் திறந்தால், அது யூடிஎஃப்-8 என்று சொல்லும் குறி கோப்பின் தொடக்கத்தில் இல்லாதபோது, எக்செல் அதை வேறு குறியாக்கமாக எடுத்துக்கொள்கிறது. முதலில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, தரவுப் பட்டியில் உரைக்கோப்பிலிருந்து இறக்குமதி செய்யும் வசதிக்குச் சென்று, குறியாக்கம் கேட்கும் இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யூடிஎஃப்-8 வரியைத் தேர்ந்தெடுங்கள். அல்லது சாதாரண உரைத்திருத்தி ஒன்றில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் தெரிந்தால் கருவி நிரபராதி. திறந்து பார்த்த கிறுக்கலை அப்படியே சேமித்து மூடிவிடாதீர்கள். அதன் பிறகு மீட்பது கடினம்.

பதிவு 8: சாவிக்கொத்து

எல்லோரும் கருவியையே பார்க்கிறீர்கள். சொல்வலை அவர்கள் ‘எல்லோருக்கும் அழைப்பு அனுப்புவேன்’ என்று ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. அழைப்பு அனுப்புவதென்றால் 11 பேரின் மின்னஞ்சல் முகவரியை, அவர்களைக் கேட்காமல், எவருக்கும் முன்பின் தெரியாத நிறுவனம் ஒன்றிடம் கொடுப்பது. ஒன்பது கருவிகள் என்றால் ஒன்பது முறை கொடுத்திருக்கிறீர்கள். அவற்றுள் சில இப்போது கைமாறியிருக்கலாம். முகவரிப் பட்டியலும் சேர்ந்தே கைமாறும். அழைப்புக்குப் பதில், சேருவதற்கான சுட்டியை மட்டும் மடலில் அனுப்பினால், விரும்புபவர் தாமே செல்வார். பெரும்பாலான சேவைகளில் இந்த வசதி இருக்கிறது, சற்று ஒளிந்திருக்கும்.

அடுத்தது, இருக்கும் கணக்கைக் கொண்டே உள்நுழையும் பொத்தான். புதிய கடவுச்சொல் வேண்டாம் என்பதால் எல்லோரும் அதைத் தொடுகிறோம். பெயரும் முகவரியும் மட்டும் கேட்டால் சரி. தொடர்புப் பட்டியலையோ கோப்புச் சேமிப்பகத்தையோ படிக்க அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சோதனை முடிந்த பின் கருவியின் கணக்கை அழித்தால் மட்டும் போதாது. உங்கள் மூலக் கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளுக்குச் சென்று, அந்தச் சேவைக்குக் கொடுத்த அனுமதியையும் நீக்க வேண்டும். சென்ற மாதம் என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நான் மறந்தே போன 17 சேவைகள் அங்கே அனுமதியோடு உட்கார்ந்திருந்தன. அவற்றுள் மூன்றின் பெயர் எதற்கானது என்றுகூட நினைவில்லை.

உரிமையாளர் யார் என்பதையும் பாருங்கள். பல கருவிகளில் பணிவெளியை, அதாவது குழுவுக்கான இடத்தை, தொடங்கியவரின் கணக்குக்கே முழு அதிகாரம் இருக்கும். அவர் குழுவை விட்டு விலகினாலோ, கடவுச்சொல்லை மறந்தாலோ மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். இரண்டாவது நிருவாகியை நியமிக்க இலவசத் திட்டத்தில் முடியுமா என்பது என் முதல் கேள்வி.

ஏற்றுமதியைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் தாம் கொடுத்த தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் திரும்பப் பெறும் உரிமையை அது தருகிறது. அதன் எல்லைக்குள் வராதவர்களுக்கும் பல நிறுவனங்கள் அதே பொத்தானைக் காட்டுகின்றன, நல்லதுதான். ஆனால் அது தனி ஆளுக்கான உரிமை. குழுவின் விவாதத்தில் உங்கள் கருத்துரை உங்களுக்குக் கிடைக்கும். அதற்கு மற்றவர் எழுதிய பதில் கிடைத்தே தீரும் என்று எண்ணிவிடாதீர்கள். அட்டைப் பலகையில் உங்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான்.

பதிவு 9: வண்ணச்சுட்டி

எல்லோரும் இப்படிப் பயமுறுத்தினால் புதிய கருவியை யார்தான் தொடுவார்கள்? நான் சற்று மாறுபடுகிறேன். சோதனை என்றால் அது முடிவில் ‘ஏற்கிறோம்’ அல்லது ‘தள்ளுகிறோம்’ என்று முடிய வேண்டும் என்ற கட்டாயம் ஏன்?

முதன்முதலாக ஈத்தர்பேடு என்ற கூட்டு எழுத்துக் கருவியில் நான்கு பேர் சேர்ந்து ஒரே பக்கத்தில் எழுதிய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒவ்வொருவர் எழுத்துக்கும் ஒரு நிறம். நான் ஒரு வாக்கியத்தை எழுதி முடிக்கும் முன்பே அதன் பாதியில் பச்சை நிறம் புகுந்து ஒரு சொல்லைத் திருத்தியது. இரண்டு நொடி கழித்து ஊதா நிறம் அந்தத் திருத்தத்தைத் திருத்தியது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பொதுவான திரையில் இருவர் வெவ்வேறு இடங்களிலிருந்து வேலை செய்வதை கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று மேடையில் காட்டியிருந்தார். நாற்பது ஆண்டு கழித்து அது ஓர் உலாவிச் சன்னலில் என் கைக்கு வந்தது. அந்தக் கருவியை நாங்கள் தொடர்ந்து பயன்படுத்தவில்லை. ஆனால் ஒருவர் எழுதும்போதே அடுத்தவர் திருத்தக் கூடாது, ஓரத்தில் பரிந்துரை மட்டும் எழுதலாம் என்ற வழக்கத்தை அன்றைக்குத்தான் ஏற்படுத்திக்கொண்டோம். அது எங்களோடு இன்றும் இருக்கிறது, கருவி இல்லை.

வெளியேறும் வழியைப் பற்றியும் ஈத்தர்பேடுக்கு ஒரு விடை உண்டு. 2009 டிசம்பரில் கூகுள் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியபோது மூடிவிடுவார்கள் என்று பயனர்கள் கூச்சலிட்டார்கள்; அதே மாதம் அதன் மூலநிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. பிறகு புதிதாக எழுதப்பட்டு இன்றும் பல வழங்கிகளில் (சேவையகக் கணினிகளில்) ஓடுகிறது. திறமூலக் கருவியை நாமே நம் வழங்கியில் நிறுவிக்கொண்டால் யாரும் வரம்பைச் சுருக்க முடியாது.

பதிவு 10: எதிர்த்திண்ணை

வண்ணச்சுட்டி அவர்களே, உங்கள் மகிழ்ச்சியைக் குலைக்க விருப்பமில்லை. ஆனால் ‘நாமே நிறுவிக்கொண்டால்’ என்ற சொல்லில் உள்ள ‘நாம்’ நடைமுறையில் ஒரே ஓர் ஆள். எங்கள் குழுவில் அந்த ஆள் இருந்தார். 90 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படும்படி அமைத்திருந்தார். ஏதோ ஒரு நாள் அது நின்றுபோனது. அவருக்கு அப்போது வேலைப்பளு. பத்து நாள் எல்லோருடைய உலாவியும் ‘இந்தத் தளம் பாதுகாப்பற்றது’ என்று மிரட்டியது. பத்தாம் நாள் அனைவரும் மின்னஞ்சலுக்குத் திரும்பியிருந்தோம். திறமூலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பராமரிக்க இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு நிறுவுங்கள்.

எத்தனை பேர் சோதிக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஐந்து பேர் போதும் என்று பலர் சொல்வார்கள். ஐந்து பயனர்களைக் கொண்டு சோதித்தால் ஓர் இடைமுகத்தின் குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு எளிமையை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டு எழுதியது அது. அவர் பேசியது தனித்தனியாக உட்கார்ந்து பயன்படுத்துபவர்களைப் பற்றி. பொத்தான் கண்ணில் படவில்லை, பட்டியல் குழப்புகிறது என்பன போன்ற குறைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். அறிவிப்பு மடல்கள் 12 பேர் சேர்ந்த பிறகு நாளுக்கு 60 ஆகிவிடுவதை ஐந்து பேர் தனித்தனியாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே நான் இரண்டு கட்டமாகச் செய்கிறேன். முதலில் மூன்று பேர், ஒரு வாரம்: ஏற்றுமதி, எழுத்துச் சோதனை, அனுமதிகள். சொல்வலையின் விதிக்கும் எழுத்தெண்ணியின் கோப்புக்கும் சாவிக்கொத்தின் கேள்விகளுக்கும் உரிய இடம் இதுதான். அதில் தேறினால் முழுக் குழுவும், எப்படியும் செய்தாக வேண்டிய உண்மையான வேலை ஒன்றை அங்கே செய்ய வேண்டும். வெள்ளோட்டத்துக்கென்று பொய்யாக ஒரு வேலையை உண்டாக்கினால் எல்லோரும் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். முடியும் தேதியைத் தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். அன்று எவரும் வாதாடவில்லையென்றால் கருவி போய்விட வேண்டும். வைத்துக்கொள்ள விரும்புபவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

பதிவு 11: பழையமடல்

கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். எங்கள் குழுவில் இதுவரை, தள்ள விரும்புபவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. யாருக்கும் மனம் வராததால் நான்கு சேவைகள் அரை உயிரோடு கிடக்கின்றன. இரண்டுக்கு ஒருவர் தம் கைப்பணத்திலிருந்து கட்டணம் செலுத்துகிறார்.

பதிவு 12: சொல்வலை

ஏழு வாரங்களுக்குப் பின் திரும்ப வந்து எழுதுகிறேன். எதிர்த்திண்ணை சொன்ன இரண்டு கட்ட முறையிலேயே ஒரு புதிய அட்டவணைக் கருவியைச் சோதித்தோம். விரிதாளின் தோற்றம், ஆனால் ஒவ்வொரு வரியின் உள்ளேயும் விவாதம் நடத்தலாம்.

முதல் வாரம் மூவர் பார்த்தோம். எழுத்தெண்ணி தம் 23 வரிக் கோப்பை அனுப்பி உதவினார்; அவருக்கு நன்றி. அகரவரிசையில் கருவி தவறியது, மற்றவற்றில் தேறியது. ஏற்றுமதியில் விவாதங்கள் தனிக் கோப்பாக, எழுதியவர் பெயரோடும் தேதியோடும் வந்தன. முகவரிகள் எதையும் கொடுக்காமல் சுட்டியை மட்டும் மடலில் இட்டோம்.

பிறகு 12 பேரும், எப்படியும் முடிக்க வேண்டியிருந்த 40 சொற்களைப் பத்து நாளில் முடிப்பதென்று வைத்துக்கொண்டோம். ஒன்பது பேர் வந்து வேலை செய்தார்கள். இது எங்கள் வரலாற்றில் இல்லாத எண்ணிக்கை. நான்காம் நாள் ஓர் உறுப்பினர் எனக்குத் தனிமடல் எழுதினார்: ‘யார் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எனக்கு அறிவிப்பு வருகிறது, நிறுத்தும் இடம் தெரியவில்லை.’ தேடிப் பார்த்ததில் அறிவிப்பை ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில்தான் குறைக்க முடியும், குழுவுக்கு மொத்தமாகக் குறைக்க முடியாது என்று தெரிந்தது. படிப்படியாகப் படம் எடுத்து அனுப்பினேன். மூவர் செய்தார்கள், மற்றவர்கள் அறிவிப்பு மடல்களை எரிதப் பெட்டிக்குத் தள்ளிவிட்டார்கள். அதோடு உண்மையான கேள்விகளும் எரிதப் பெட்டிக்குப் போயின.

வராத மூவருள் மூத்தவர் ஒருவர், பத்து நாளும் வழக்கம்போல் மின்னஞ்சலிலேயே கருத்து எழுதினார். 40-இல் 31 சொற்களுக்கு அவர் எழுதியிருந்தார்; கருவிக்குள் இருந்த எவரையும்விட அதிகம். அவற்றை நான் உள்ளே ஒட்டினேன். அதாவது, பழைய இடத்துக்கே வந்து நின்றேன்.

பத்தாம் நாள் மாலை, வைத்துக்கொள்ள விரும்புபவர் காரணம் சொல்லலாம் என்று எழுதினேன். இருவர் விரும்பினார்கள், ஒருவர் சொன்ன காரணம் ‘பார்க்க அழகாக இருக்கிறது’. மற்றவர், ஒரு சொல்லின் விவாதம் முழுவதும் அந்தச் சொல்லின் அடியிலேயே இருப்பது மடலைவிட மேல் என்றார். அவர் சொன்னது சரி என்று எல்லோருக்கும் பட்டது. கருவியை விட்டுவிட்டு, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்: இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் மின்னஞ்சலில் தனி இழை, தலைப்பில் அந்தச் சொல் மட்டும், முடிவானதும் இழையின் சுட்டி விரிதாளில் அதே வரிக்கு வந்துவிடும். சுட்டியை ஒட்டுவது என் வேலை. அதனால் பயன் எனக்குத்தான் என்பதால் முறைப்பாடு இல்லை.

ஏற்றுமதி செய்து, கணக்குகளை அழித்து, மூலக் கணக்குகளில் கொடுத்த அனுமதிகளையும் நீக்க ஏறத்தாழ 20 நிமிடம் ஆனது. நீக்கும்போது என் பட்டியலையும் பார்த்தேன். சாவிக்கொத்து அவர்களுக்கு 17; எனக்கு 26.

அடுத்த மாதம் வண்ணச்சுட்டி அவர்கள் சொன்ன கூட்டு எழுத்துப் பக்கம் ஒன்றை, ஏற்பதற்கென்று இல்லாமல், ஒரே ஒரு மாலை மட்டும் திறந்து பார்க்கப்போகிறோம். சோதனைக்கு எடுத்திருப்பது ஒரே ஒரு சொல்லின் விளக்கம். மூத்தவர் தமக்கு என்ன நிறம் கிடைக்கும் என்று கேட்டு மடல் எழுதியிருக்கிறார்.